சீட் கடை பாயின் பந்தய வண்டி

போத்தனூரில் மைதீன் பிச்சையின் சீட் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். பதினாறு வருஷமாக அந்தத் தகரத்தின் வழியே அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விரும்பித்தான் கேட்கிறேன் என்று சொல்லமாட்டேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருசக்கர வண்டிகளுக்கு சீட் தைப்பது தொழில். கிழிந்த உறையை மாற்றுவார், அமுங்கிப்போன ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார், குள்ளமானவர் உயரமான வண்டியை வாங்கிவிட்டு வந்து நின்றால் கால் தரையில் எட்டும்படி சீட்டைச் செதுக்கிக் கொடுப்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் தைத்த சீட்டில் ஐப்பசி மழையும் இறங்காது. குறை வாயில்தான். இருபத்தேழு வருஷமாக சீட்டை மட்டும் கழற்றி வாங்கியே பழகியவர் என்பதால், வண்டியில் மீதி இருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் இருந்தன. இன்ன கம்பெனிக்காரன் ஏன் செயினை அந்தப் பக்கம் வைத்தான், ஜப்பான்காரன் எங்கே தப்பு செய்தான் என்றெல்லாம் விளக்குவார். அவர் ஓட்டியது என்னவோ மனைவி ஜாஹிதாவின் பழைய ஸ்கூட்டியைத்தான். அதுவும் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில். காய்கறி ஏற்றிய மூணு சக்கர சைக்கிள் ஒன்று அவரை முந்திப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

வினை ஒரு சனிக்கிழமை ரோஹன் உருவத்தில் வந்தது. ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பையன், வயது முப்பதிருக்கும். அப்பாவின் கம்பெனியில் டைரக்டர் என்று கார்டில் போட்டிருக்கும். பழைய வண்டிகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்து செட்டிபாளையம் ட்ராக்கில் ஓட்டும் கூட்டத்தில் அவன் பெரிய புள்ளி. தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒற்றை ஆள் சீட் தைக்கக் கொடுக்க வந்தவன், செல்போனில் வண்டியின் படத்தைக் காட்டினான். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கார்புரேட்டர் நெம்பப் பெருசாப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க தம்பி. வண்டி திணறுமுங்களே.”

“பாய், நீங்க சீட்டை மட்டும் பாருங்க. உக்கார்ற எடத்துல இருந்து பார்த்தா இன்ஜின் தெரியாது.”

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள். என்னையும் சேர்த்தால் ஏழு. பாயின் முகம் சுண்டிப்போனது. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“அடுத்த வருசம் நானும் ட்ராக்குக்கு வாரேனுங்க. என்ற கையால கட்டுன வண்டியில வாரேன். அங்க பாத்துக்கலாம்.”

கோபத்தில் சொன்னதுதான். ஒரு வாரத்தில் மறந்திருப்பார். ஆனால் சிரித்த ஆறு பேரில் ஒருவர் டீக்கடைக்காரர். பொழுது சாய்வதற்குள் போத்தனூர் ஜங்ஷன் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் பள்ளிவாசல் வாசலில் ஒருவர், “பாய், எந்த வண்டிங்க?” என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். இவர் பதில் சொல்லிவிட்டார். “பழைய ராஜ்தூத்துங்க.”

அப்படி ஒரு வண்டி அவரிடம் இல்லை. தேடிக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. கொடுமுடியில் அரங்கசாமி என்ற மஞ்சள் விவசாயியின் கொட்டகையில் எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி ஒன்று நின்றது. அவருடைய அப்பா அதில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு பால் ஊற்றியவர். பாய் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனார். வண்டியைப் பார்த்தோம். சீட் உளுத்துப்போய்க் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. கம்பிமேல் வைக்கோல். வைக்கோல்மேல் ஒரு சிவப்புக் கோழி.

“அடை வெச்சிருக்குதுங்க பாய்,” என்றார் அரங்கசாமி. “குஞ்சு பொரிச்சதும் வந்து எடுத்துக்கோங்க. இன்னும் பதினெட்டு நாளு.”

“கோழியைக் கொஞ்சம் அக்கட்டால வெக்கலாமுங்களே?”

“வெக்கலாமுங்க. ஆனா முட்டை கூமுட்டையாப் போயிடும். அந்தப் பாவம் நமக்கெதுக்குங்க?”

வந்ததற்கு சீட் அளவையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று பாய் டேப்பை நீட்டினார். கோழி அவர் மணிக்கட்டில் கொத்தியது. அந்த ரத்தத்தோடு எடுத்த அளவை வைத்துத்தான் பந்தய வண்டியின் முதல் பாகம் உருவானது. அது சீட். இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, வண்டியே ஊர் வந்து சேரவில்லை. சீட் தயார். கறுப்புத் தோல், பின்பக்கம் தூக்கலான திமில், சிவப்பு நூலில் சாய்சதுரத் தையல். அதைக் கடை வாசலில் ஒரு ஸ்டூலின்மேல் வைத்து, வருகிறவர்களையெல்லாம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். போஸ்ட்மேன் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

வண்டி வந்து சேர்ந்ததும் இன்ஜினைப் பிரிக்க ராமுலு தேவைப்பட்டார். இரண்டு வீதி தள்ளி, தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் போரிங் பட்டறை வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியே கோயமுத்தூர் தமிழ், இரண்டிலும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பட்டறையில் வண்டியை அக்கக்காகப் பிரித்துத் தகரத்தில் பரப்பினார். பிரித்ததைப் பார்த்துக்கொண்டு பாய் ஒரு மணி நேரம் பேசினார். ராமுலு ஒன்று மட்டும் கேட்டார்.

“இது ஓடோணுமுங்களா, செயிக்கோணுமுங்களா?”

“செயிக்கோணும்ணா.”

ராமுலு பெருமூச்சு விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். ‘என்ற கையால கட்டுன வண்டி’ என்று பாய் ஊரெல்லாம் சொன்னதில் இந்தப் பெருமூச்சு சேராது. கிராங்க் பேரிங்கை மாற்றியது, ஹெட்டைக் கடைசலில் சீவி அழுத்தத்தைக் கூட்டியது, புகை வெளியேறும் துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு உயர்த்தியது, வயிறு பெருத்த சைலன்சரைத் தகடு வெட்டிப் பற்றவைத்தது எல்லாம் ராமுலு. ஹெட்லைட்டையும் சைடு ஸ்டாண்டையும் கழற்றியது பாய். கழற்றுவதில் அவர் கெட்டிக்காரர்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை ராமுலு சாப்பிடப் போன நேரத்தில் பாய் பட்டறைக்குள் புகுந்து, அந்தப் புகைத் துவாரத்தைத் தானும் கொஞ்சம் அகலப்படுத்தினார். யாரோ ஓர் இத்தாலிக்காரர் செய்ததைச் செல்போனில் பார்த்தாராம். பாஷை புரியாவிட்டாலும் கை போன போக்கு புரிந்ததாம். ராமுலு திரும்பி வந்து சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். துவாரம் அளவுக்கு மேல் அகலமாகிவிட்டால் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் ரிங் அதில் மாட்டி உடையும். சிலிண்டரைப் பாயின் கையில் கொடுத்தார்.

“இதுல இனி பூச்செடி வெக்கலாமுங்க.”

“கொஞ்சூண்டுதான் அரம் போட்டேன்ணா.”

“அதைத்தானுங்க சொல்றேன். சின்னச் செடியா வையுங்க.”

மறுபடி கொடுமுடி. அரங்கசாமியின் பங்காளி வீட்டில் இன்னொரு சிலிண்டர் இருந்தது. அதை வாங்கித்தர அரங்கசாமி ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய டிராக்டர் சீட்டைத் தைக்க வேண்டும், வரவேற்பறை சோபாவுக்கும் உறை போட வேண்டும். பந்தய வீரர் இரண்டு நாள் கொடுமுடியில் உட்கார்ந்து சோபா தைத்தார். குஞ்சுகள் அதற்குள் பெரிதாகிக் கொட்டகை முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன.

எட்டாவது மாசம் இன்ஜின் ஓடியது. வீட்டு வாசலில் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். வீதியே வெள்ளைப் புகைக்குள் மறைந்தது. ஜாஹிதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது ஊரார் துணி.

“ஏனுங்க, கொசு மருந்து அடிக்கறவங்க வந்துட்டாங்கன்னு கதவைச் சாத்துனேன். நீங்கதானா?”

“பந்தய வண்டி புள்ள. அப்பிடித்தான் பொகையும்.”

“பொகையட்டும். இந்தத் துணியையெல்லாம் நீங்களே தொவைச்சுப் போடுங்க.”

துவைத்துப் போட்டார்.

ட்ராக்கில் ஓட்ட முழுத்தோல் உடுப்பு வேண்டும் என்பது விதி. பாய் அதையும் வெளியே வாங்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மாட்டுத்தோல் வரவழைத்துத் தானே தைத்தார். முழங்கை, முழங்கால், தோள், முதுகு என்று விழுந்தால் அடிபடக்கூடிய இடத்திலெல்லாம் ஸ்பாஞ்ச் வைத்தார். அவர் கணக்கில் அடிபடாத இடம் என்று ஒன்று இல்லை. போட்டுக்கொண்டு நின்றபோது கையைக் கீழே இறக்க முடியவில்லை.

“ரெண்டு பேர் வந்து உக்காரலாமாட்ட இருக்குது,” என்றார் ஜாஹிதா.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான். ‘பந்தயத்தில் முன் அனுபவம்’ என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “இருவத்தேழு வருச சர்வீஸ்னு போடுங்க,” என்றார். போட்டேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒருநாள் பயிற்சி. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது என்று நினைக்கிறேன். பதினாலு மாசம் வண்டியைக் கட்டுவதைப் பற்றியே பேசினாரே தவிர, கட்டிய வண்டியை ஓட்ட வேண்டும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. மூன்று சுற்று வந்து நின்றார். பயிற்சியாளர் மரியாதை தெரிந்த பையன்.

“நல்லா ஓட்டறீங்க சார். ஆனா உங்க வண்டியில அதுக்கு மேலயும் கியர் இருக்குதுங்க.”

“தெரியுமுங்க. பத்திரமா வெச்சிருக்கறேன்.”

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்குள் கூடாரங்கள் முளைத்துவிட்டன. பன்னிரண்டு ஓட்டுநர்கள். பழைய வண்டிகளின் மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்கிறவர்கள். திருப்பூர்ப் பல் டாக்டர் ஒருவர் ஹெல்மெட்டில் மூன்று கேமரா மாட்டியிருந்தார். சாப்ட்வேர் மேனேஜர் ஒருவர் தரையில் விரிப்பைப் போட்டுக் காலை மடக்கி ஆசனம் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் தங்கள் வண்டியைத் தாங்களே கட்டியதாகச் சொன்னார்கள். ரோஹனும் சொன்னான். அவன் வண்டியின் இன்ஜினை பெங்களூரில் ஒருவர் கட்டினார், பெயின்ட்டைப் பூனாவில் ஒருவர் அடித்தார், ரோஹன் போனில் ‘ஓகே’ சொன்னான். அன்றைக்கு அந்த வண்டியைத் துடைக்கவே இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பாயைப் பார்த்ததும் அவன் செல்போனை எடுத்து அவருடைய உடுப்பைப் படம் பிடித்தான். எங்கேயோ போட்டிருக்கிறான் போல, சுற்றி நின்றவர்கள் தங்கள் போனைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பாய் கையை மடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின பதினாலு மாசமும் வந்ததே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆறு சுற்றுப் பந்தயம். கொடி இறங்கியதும் பதினோரு வண்டிகள் பாய்ந்தன. பாய் இடதும் வலதும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாவது சுற்றில் ரோஹன் எல்லோருக்கும் முன்னால் வந்தான். ஒரு சுற்று முழுதாகப் பின்தங்கியிருந்த பாய் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ட்ராக் ஓரத்தில் நின்றவர் நீலக் கொடி ஆட்டினார். பின்னால் வேகமான வண்டி வருகிறது, முந்த இடம் கொடு என்று அதற்குப் பொருள். பாய் அதைப் பார்த்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் நினைவிருந்தது. ஆனால் எதிரே வலதுபக்க வளைவு வந்துவிட்டது. திரும்பும் முன் கை காட்ட வேண்டும். போத்தனூர் பாலத்தடியில் இருபத்தேழு வருஷமாக அவர் அப்படித்தான் திரும்புகிறார். வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து நேராக வெளியே நீட்டினார்.

ஆக்சிலேட்டர் இருப்பது அந்தக் கையில். வண்டி சட்டென்று தொய்ந்தது. ட்ராக்கில் ஒருவர் கையைத் தூக்கினால் வண்டி கோளாறு, ஓரம் ஒதுங்குகிறார் என்று அர்த்தம். ரோஹன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். பாய் வலதில் ஒதுங்கப்போகிறார் என்று நினைத்து இடதுபக்கமாக முழு வேகத்தில் வந்தான். பாய் ஒதுங்கவில்லை. சொன்னபடி வளைவில் திரும்பினார். ஒற்றைக் கையால் திருப்பியதில் வண்டி அகலமாகப் போய் அதே இடதுபக்கத்துக்கு வந்தது. ரோஹன் பிரேக்கை அமுக்கினான். பின்சக்கரம் வழுக்கியது. அவன் ஒருபக்கமும் வண்டி ஒருபக்கமுமாகப் புல்லில் இருபதடி சறுக்கிப் போய் நின்றார்கள்.

கணுக்கால் பிசகியதோடு போயிற்று. தன் பின்னால் நடந்த எதுவும் பாய்க்குத் தெரியாது. கையை மறுபடி ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

நாலாவது சுற்றில் அவருக்கு முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. நேர்ப்பாதையில் அவர் கியரை மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பக்கத்தில் நின்ற ராமுலு என் தோளைப் பிடித்தார். அவ்வளவு நாளும் கொரகொரவென்று இருந்த இன்ஜின் சத்தம் மாறி ஒரே சீராக ஏறியது. பாய் உடம்பைத் தாழ்த்தி டாங்க்கின்மேல் படுத்திருந்தார். எங்களைக் கடந்தபோது தொண்ணூறு கிலோமீட்டராவது இருக்கும். அன்று ட்ராக்கில் அது ஒரு வேகமே இல்லை. ஆனாலும் ராமுலு, “அடடா,” என்றார். அவர் வாயிலிருந்து வீணாக வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பந்தயத்தில் பல் டாக்டர் முதலிடம். ஓடி முடித்தவர்களில் பாய் கடைசி. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். “பயமே இல்லீங்க ஜெராக்ஸு,” என்றார் என்னிடம். “நாலாவது சுத்துல பயம் எங்கியோ போயிடுச்சு. எங்க போச்சுன்னே தெரியலை.” அதற்குள் நடுவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

ரோஹன் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நடுவர் பாயிடம் ஏன் கையை நீட்டினீர்கள் என்று கேட்டார்.

“திரும்பறதுக்குத்தானுங்க. கை காட்டாம எப்பிடிங்க திரும்பறது? பின்னாடி வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?”

நடுவர் குனிந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சிரிப்பை மறைக்கத்தான் புரட்டினார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரோஹனுக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்குத்தான் சொன்னேன். சீட் தைக்கறவனையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான் ஆகும். வண்டின்னா என்னன்னே தெரியாத ஆளுங்க.”

அந்த ‘வனை’ கேட்டதும் நடுவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். பேசியது ராமுலு.

“தம்பி, உங்க வண்டி சிலிண்டரைப் போன மாசம் அந்த பெங்களூர்க்காரரு என்றகிட்டத்தான் போரிங் போட அனுப்பிச்சாருங்க. இதே போத்தனூர்ல, இந்த பாய் வண்டிக்குப் பக்கத்துல வெச்சுத்தான் போட்டேன். நல்லாவே போட்டிருக்கறேன். நீங்க உளுந்ததுக்குச் சிலிண்டர் காரணமில்லீங்க.”

வண்டியைத் துடைக்க வந்திருந்த இரண்டு ஆட்களில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பல் டாக்டர். பிறகு யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடுவர் பாய்க்கு ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பாய் ராமுலுவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்ணா, அவனோட வண்டிக்கும் நீங்கதானா? என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

“தொழிலுங்க பாய். உங்களுக்குச் சொல்லியிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.”

பாய் அதற்காக மூன்று நாள் ராமுலுவோடு பேசவில்லை. ராமுலு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு பாய் இரண்டு பந்தயம் ஓடிவிட்டார். உடுப்பிலிருந்து ஸ்பாஞ்சில் பாதியை எடுத்துவிட்டதால் இப்போது கை மடங்குகிறது. ஒன்றில் பத்தாவது, ஒன்றில் பதினோரு பேரில் ஒன்பதாவது. ஒன்பதாவது வந்ததில் ஒரு சங்கதி, பின்னால் வந்த இருவரில் ஒருவருக்கு வண்டி நின்றுவிட்டது, இன்னொருவரை இவர் நிஜமாகவே முந்தினார். முந்தப்பட்டவர் சாப்ட்வேர் மேனேஜர். ரோஹன் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டான். இப்போது விலையுயர்ந்த சைக்கிள் ஓட்டுகிறானாம். விடியற்காலையில் அவிநாசி ரோட்டில் பார்த்தவர்கள் உண்டு.

அந்த ஒன்பதாவது இடத்துப் பந்தயத்துக்கு ஜாஹிதா முதல்முறையாக வந்திருந்தார். மாலைவரை தகரக்கூரை இல்லாத பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எந்த வண்டி அவருடையது என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாய் மேனேஜரை முந்தியபோது எழுந்து நின்றார், பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பந்தயம் முடிந்து பாய் எங்களிடம் வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று மனைவியின் முகத்தையே பார்த்தார்.

“தலை சுட்டுப்போச்சுங்க,” என்றார் ஜாஹிதா. “அடுத்த தடவை காலையிலயே வந்து நெழல்ல எடம் புடிச்சு வையுங்க.”